தேக்கமும் ஓட்டமும்: வாகன உதிரிப்பாகக் கைத்தொழிலில் விரயநீக்க உற்பத்திமுறை

பொருளைத் தேக்கிவைத்தல் மனித நாகரிகத்தின் தொன்மையான அறங்களுள் ஒன்று. மழைநீரைக் குளத்திலே தேக்கியமையால் வயல் விளைந்தது. நெல்லைப் பட்டடையிலே சேமித்தமையால் பஞ்சகாலத்தில் உயிர் நிலைத்தது. கந்தளாய்க் குளம் இன்றேல் தம்பலகாமத்து வயல்களுக்கு வாழ்வில்லை. திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்துச் சீனக்குடாவிலே பிரித்தானியர் கட்டிய எண்ணெய்க் குதங்களும் இவ்வறத்தின் வழிப்பட்டனவே. போர் மூண்டு கடல்வழி அடைபட்டாலும் கடற்படை இயங்கவேண்டும் என்பதே அவற்றின் நோக்கம்.

இத்தகைய சூழலில் வளர்ந்தோருக்கு, களஞ்சியம் நிறைந்திருத்தல் ஆலையின் நோய்க்கு அறிகுறி என்று கூறும் ஒரு தொழிற்கொள்கை விந்தையாகத் தோன்றுதல் இயல்பே. ஆயினும், உலகின் மோட்டார் வாகனக் கைத்தொழிலையும், அதற்கு உதிரிப்பாகம் வழங்கும் ஆலைகளையும் கடந்த அரை நூற்றாண்டிலே பெரிதும் மாற்றியமைத்தது அக்கொள்கையேயாகும். ஆங்கிலத்திலே 'லீன்' எனப்படும் இதனைத் தமிழில் விரயநீக்க உற்பத்திமுறை எனலாம். அது தோன்றிய வரலாறு, இயங்கும் வகை, தமிழகத்து ஆலைகளிலே வேரூன்றிய திறம், அதன் எல்லை என்பவற்றை ஆராயுமிடத்து, தேக்கமும் ஓட்டமும் உண்மையில் முரண்பட்டவையா என்னும் வினாவுக்கு விடை கிடைக்கும்.

தோற்றம்

இம்முறையின் வித்து மோட்டார் ஆலையிலன்றி நெசவுத் தறியிலேயே முளைத்தது. யப்பானியராகிய சக்கிச்சி ரொயோடா 1924ஆம் ஆண்டில் நிறைவு செய்த தானியங்கித் தறி, நூலிழை ஒன்று அறுந்தவுடன் தானாகவே நின்றுவிடும். நிற்கத் தெரியாத தறி, அறுந்த இழையோடு முழக்கணக்கிற் பழுதுற்ற துணியை நெய்து தள்ளும். அதனைக் காவல்செய்ய ஆள் எப்பொழுதும் அருகே நிற்றல் வேண்டும். நிற்கத் தெரிந்த தறியோ பழுதை அக்கணமே அறிவிக்கும். ஒருவரே பல தறிகளைப் பார்த்துக்கொள்ளலாம். பழுது கண்டவிடத்து நிற்றல் என்னும் இக்கருத்தே பிற்காலத்தில் 'ஜிடோக்கா' என்னும் பெயரோடு மோட்டார் ஆலைக்குட் புகுந்தது.

சக்கிச்சியின் மைந்தர் கீச்சிரோ ரொயோடா 1937ஆம் ஆண்டில் ரொயோட்டா மோட்டார் கம்பனியை நிறுவினார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அக்கம்பனி பெரும் இடர்ப்பட்டது. 1950ஆம் ஆண்டில் அது முறிந்துபோகும் நிலையை அடைந்தது. ஆட்குறைப்பை எதிர்த்துத் தொழிலாளர் போராடினர். கீச்சிரோ தலைமைப் பதவியைத் துறந்தார். அக்காலத்து அமெரிக்க ஆலைகள் ஒரே வகை வாகனத்தை இலட்சக்கணக்கிற் செய்து குவித்தே விலையைக் குறைத்தன. யப்பானியச் சந்தையோ சிறிது. வேண்டப்பட்ட வாகன வகைகளோ பல. குவித்துவைப்பதற்கு முதலும் இல்லை. ஆகவே, குவிக்காமலே மலிவாகச் செய்யும் வழியொன்றைக் காணவேண்டிய நிலை ஏற்பட்டது. வறுமையே அங்கு ஆசிரியராயிற்று என்க.

அவ்வழியை வகுத்தவருள் முதன்மையானவர் தயீச்சி ஓனோ (1912 - 1990). அமெரிக்கப் பெருங்கடைகளைப் பற்றி அவர் கேள்வியுற்ற ஒரு செய்தி அவர் கருத்தைக் கவர்ந்தது. அக்கடைகளில், வாங்குவோர் தட்டிலிருந்து எடுத்த அளவுக்கே மீண்டும் பொருள் நிரப்பப்படும். ஆலையிலும் அவ்வாறே செய்தல் கூடும் என அவர் எண்ணினார். அடுத்த வேலைப்பிரிவு தனக்கு வேண்டியபோது வேண்டிய அளவையே முந்தைய பிரிவிலிருந்து எடுத்துச் செல்லும்; எடுத்த அளவை ஓர் அட்டை அறிவிக்கும்; அவ்வட்டை வந்தாலன்றி முந்தைய பிரிவு ஒரு பாகத்தையேனும் செய்யாது. இவ்வட்டையே 'கன்பான்' எனப்படுவது. பழைய முறையில் ஒவ்வொரு பிரிவும் தான் செய்ததை அடுத்த பிரிவின்மேல் தள்ளிற்று. புதிய முறையில் அடுத்த பிரிவு தனக்கு வேண்டியதை இழுத்துக்கொண்டது. வேறுபாடு சிறிதெனத் தோன்றினும், அதன் விளைவு பெரிது.

விரயத்தை ஓனோ ஏழாக வகுத்தார்: மிகையாகச் செய்தல், காத்திருத்தல், வேண்டாது கொண்டு திரிதல், வேண்டாத வேலைப்பாடு, மிகை இருப்பு, வேண்டாத உடலசைவு, பழுதுபட்ட பொருள் செய்தல் என்பன அவை. இவற்றுள் மிகையாகச் செய்தலையே தலையாய குற்றமாக அவர் கொண்டார். ஏனைய விரயங்கள் அதன் நிழலிலேயே ஒளிந்து வளர்கின்றன. 'லீன்' என்னும் பெயர் ஓனோ இட்டதன்று. அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஜோன் கிராவ்சிக் 1988ஆம் ஆண்டில் வழங்கிய அச்சொல்லை, 1990ஆம் ஆண்டில் வோமாக், ஜோன்ஸ், ரூஸ் ஆகிய மூவர் வெளியிட்ட நூல் உலகெங்கும் பரப்பியது.

இயங்கும் வகை

இம்முறையின் பயனை ஓர் எளிய கணக்கினால் விளக்கலாம். பிரேக் பாகம் ஒன்று ஐந்து இயந்திரங்களிலே வேலைப்பாடு பெறவேண்டும் எனவும், ஒவ்வோர் இயந்திரத்திலும் ஒரு நிமிடம் செல்லும் எனவும் கொள்வோம். 500 பாகங்களை ஒரு தொகுதியாக்கி, முதல் இயந்திரத்தில் அனைத்தையும் முடித்த பின்னரே அடுத்ததற்கு அனுப்பினால், அத்தொகுதி நிறைவுற 2,500 நிமிடம் செல்லும். ஒவ்வொரு பாகத்தையும் முடிந்தவுடனேயே அடுத்த இயந்திரத்துக்குக் கொடுத்தால், முதற் பாகம் 5 நிமிடத்திலும், ஐந்நூறாவது பாகம் 504ஆம் நிமிடத்திலும் வெளிவரும். ஆள் கூடவில்லை, இயந்திரம் விரைந்து ஓடவும் இல்லை. பொருள் காத்துக்கிடந்த நேரம் ஒன்றே நீக்கப்பட்டது.

இதனினும் முக்கியமானதொன்று உண்டு. முதல் இயந்திரத்தின் வெட்டுளி சற்றே பிசகி, துளையின் அளவு பிழைத்துவிட்டது எனவும், அப்பிழை ஐந்தாம் இயந்திரத்திலேதான் தெரியவரும் எனவும் கொள்வோம். தொகுதி முறையில் அது தெரியவரும்போது 500 பாகங்களும் பழுதுபட்டிருக்கும். ஓட்ட முறையிலோ பழுதுபட்டவை ஏறக்குறைய ஐந்தேயாம். எனவே, இருப்பைக் குறைத்தலின் உயிர்ப்பயன் களஞ்சிய வாடகை மிச்சமாதலன்று. பிழையானது பிறந்த இடத்திலும் பிறந்த வேளையிலும் பிடிபடுதலேயாகும். குளத்து நீர் வற்றுங்கால் அடியிலே கிடந்த கற்களும் கட்டைகளும் வெளிப்படுதல்போல, இருப்புக் குறையுங்கால் ஆலையின் குறைகள் வெளிப்படுகின்றன.

ஆயின், சிறு தொகுதிகளாகச் செய்தல் விரும்பியவுடன் கைகூடுவதன்று. அச்சை மாற்றுவதற்குப் பல மணி நேரம் செல்லும் ஆலை, ஒருமுறை மாற்றியபின் ஆயிரக்கணக்கிற் செய்து குவிக்கவே முற்படும். ஆதலின் அச்சு மாற்றும் நேரத்தைக் குறைத்தல் முதற்பணியாயிற்று. ரொயோட்டா ஆலையின் ஆயிரந்தொன் அழுத்தப்பொறி ஒன்றில் நான்கு மணி நேரம் சென்ற அச்சு மாற்றத்தை, 1969ஆம் ஆண்டளவில் ஷிகியோ ஷிங்கோ என்னும் பொறியியலாளர் முதலில் ஒன்றரை மணி நேரமாகவும், பின்னர் மூன்று நிமிடமாகவும் குறைத்தார். பொறி ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்யக்கூடிய ஆயத்தங்களை, நிறுத்தினாலன்றிச் செய்யமுடியாத வேலைகளினின்று பிரித்தமையே அவரது உபாயம். அடுத்த அச்சு, வேண்டிய ஆணிகள், கருவிகள் ஆகியன முன்கூட்டியே கைக்கெட்டும் இடத்தில் அளவாக வைக்கப்பட்டன.

மேலும், பழுதைக் கண்ட தொழிலாளி தலைக்குமேல் தொங்கும் கயிற்றை இழுத்து உதவி கோரலாம்; குறித்த நேரத்துள் குறை தீராவிடின் வேலைவரிசையே நின்றுவிடும். வேலைவரிசையை நிறுத்தும் அதிகாரம் மேலாளரிடமன்றிப் பொறியின் முன் நிற்பவரிடம் வைக்கப்பட்டமை இங்குக் கருதத்தக்கது. நின்ற பின், "ஏன்?" என்னும் வினாவை ஒன்றன்பின் ஒன்றாக ஐந்துமுறை எழுப்பி மூலகாரணத்தைத் தேடுதல் மரபாயிற்று. பொறி ஏன் நின்றது எனின் உருகி எரிந்தது. ஏன் எரிந்தது எனின் சுமை மிகுந்தது. ஏன் மிகுந்தது எனின் எண்ணெய் போதவில்லை என்றவாறு சென்றால், உருகியை மாற்றுவதோடு அமையாது, எண்ணெய் செல்லும் வழியைச் சீர்செய்தல் வேண்டும் என்பது புலனாகும்.

பாடியிலே நிகழ்ந்தது

தமிழர் வாழும் நிலப்பரப்பில் இம்முறை நன்கு வேரூன்றிய இடம் சென்னையின் புறநகராகிய பாடியும் அதன் சுற்றுப்புறமுமாகும். 1911ஆம் ஆண்டில் மதுரையை நிலைக்களனாகக் கொண்டு டி. வி. சுந்தரம் ஐயங்கார் தொடங்கிய போக்குவரத்துத் தொழில் பல கிளைகளாய் விரிந்தது. 1960களின் தொடக்கத்தில் அக்குடும்ப நிறுவனங்கள் பிரித்தானியக் கம்பனிகளுடன் கூட்டுச் சேர்ந்து பாடியிலே உதிரிப்பாக ஆலைகளை அமைத்தன. மின்சாதனங்களுக்கு லூக்காஸ் டி.வி.எஸ்., காற்றழுத்தப் பிரேக்குகளுக்குச் சுந்தரம் கிளேட்டன், நீரழுத்தப் பிரேக்குகளுக்குப் பிரேக்ஸ் இந்தியா என்றவாறு அவை எழுந்தன. ஆணிகளும் மரைகளும் செய்யும் சுந்தரம் பாஸனர்ஸ் என்னும் நிறுவனமும் அங்கேயே வளர்ந்தது.

அக்காலத்து இந்தியாவில் வாகனங்களைச் செய்வதற்கும் விற்பதற்கும் அனுமதிப்பத்திர முறை இருந்தது. வாங்குவோர் ஆண்டுக்கணக்கிற் காத்திருந்தனர்; செய்தது எல்லாம் விலைபோயிற்று. அத்தகைய சந்தையில் பிழையைத் தேடித் திருத்துவதற்கு நெருக்குதல் குறைவு. 1983ஆம் ஆண்டு டிசெம்பரில் மாருதி நிறுவனம் சுசூக்கியின் துணையோடு சிறு கார்களை வெளியிடத் தொடங்கியபோது நிலைமை மாறலாயிற்று. யப்பானிய முறைப்படி குறித்த வேளையிற் பழுதின்றிப் பாகம் வழங்கவேண்டிய கடப்பாடு இந்திய ஆலைகள்மேல் விழுந்தது. 1991ஆம் ஆண்டின் பொருளாதாரத் திறப்பும், 1990களின் பிற்பகுதியில் சென்னையைச் சூழ ஹூண்டாய், போர்ட் ஆகியவற்றின் ஆலைகள் எழுந்தமையும் அந்நெருக்குதலை மிகுவித்தன.

பாடி ஆலைகள் எடுத்துக்கொண்ட வழி குறிப்பிடத்தக்கது. அவை இருப்பைக் குறைப்பதிற் தொடங்காது, தரத்தைச் சீர்செய்வதிற் தொடங்கின. பேராசிரியர் யோஷிகாசு சூடா முதலிய யப்பானிய அறிஞரின் வழிகாட்டலில், முழுமைத் தர முகாமை எனப்படும் பயிற்சி மேலாளர் முதல் தொழிலாளர் வரை அனைவருக்கும் அளிக்கப்பட்டது. அமெரிக்கப் புள்ளிவிவர அறிஞர் எட்வர்ட்ஸ் டெமிங் 1950ஆம் ஆண்டில் யப்பானில் ஆற்றிய விரிவுரைகளின் நினைவாக, 1951ஆம் ஆண்டு முதல் அங்கு வழங்கப்பட்டுவரும் டெமிங் பரிசை, 1998ஆம் ஆண்டில் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு பெற்றது. இந்திய நிறுவனம் ஒன்று அப்பரிசைப் பெற்றது அதுவே முதன்முறை. பின்னர் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் 2001ஆம் ஆண்டிலும், பிரேக்ஸ் இந்தியாவின் வார்ப்புப் பிரிவும் ரானே பிரேக் லைனிங்ஸும் 2003ஆம் ஆண்டிலும், லூக்காஸ் டி.வி.எஸ். 2004ஆம் ஆண்டிலும் அப்பரிசைப் பெற்றன.

தரம் முன்னும் சிக்கனம் பின்னும் வந்தமைக்குக் காரணம் வெளிப்படை. இருப்பு இல்லாத ஆலையில் ஒரு பழுதான பாகம் வரினும் வேலைவரிசை நின்றுவிடும். பழுதைக் குறைக்காமல் இருப்பை மட்டும் குறைப்பவர், அத்திவாரம் இடாமற் சுவரெழுப்புபவரை ஒப்பர். பல நிறுவனங்கள் இம்முறையைத் தழுவித் தோல்வியுற்றமைக்கு இவ்வரிசை பிறழ்ந்தமையும் ஒரு காரணமாகும்.

பெரிய ஆலை திருந்தினாற் போதாது. அதற்குப் பாகம் வழங்கும் சிற்றாலைகளும் திருந்துதல் வேண்டும். இதன்பொருட்டு, இந்திய உதிரிப்பாக உற்பத்தியாளர் சங்கத்தின் முயற்சியால் நிறுவனங்கள் சிறு குழுக்களாகச் சேர்ந்து ஒரே வழிகாட்டியிடம் கற்கும் முறை ஏற்பட்டது. ஒருவர் ஆலையை மற்றவர் பார்வையிட்டுக் குறை கூறவும், குறைகேட்டுத் திருந்தவும் அதனால் வாய்ப்புண்டாயிற்று. இந்திய அரசும் சிறுதொழில்களுக்கான இத்தகைய திட்டம் ஒன்றை நடத்தி, அதனைப் புதுப்பித்து 2023ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் மீண்டும் தொடக்கிவைத்தது.

இரு தடைகள்

இம்முறைக்கு எதிராகக் கூறப்படும் தடைகளுள் இரண்டு வலியவை. முதலாவது, விரயநீக்கம் என்னும் பெயரால் தொழிலாளரே நசுக்கப்படுகின்றனர் என்பது. இது வெறும் கற்பனையன்று. ஹரியானா மாநிலத்து மானேசரிலுள்ள மாருதி ஆலையில் 2011, 2012ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த பிணக்குகளில், வேலையின் வேகம், இடைவேளையின் குறுக்கம், ஒப்பந்தத் தொழிலாளரின் நிலை என்பன பற்றிய முறைப்பாடுகள் எழுந்தன. 2012ஆம் ஆண்டு யூலை மாதத்தில் மூண்ட வன்செயலில் மேலாளர் ஒருவர் உயிரிழந்தார். அவ்வன்செயலை எவரும் நியாயப்படுத்தார். ஆயினும் அம்முறைப்பாடுகளைப் புறக்கணித்தலும் தகாது.

இத்தடைக்கு விடை இம்முறையின் மூலக்கொள்கையிலேயே உண்டு. யப்பானியர் விலக்கவேண்டிய குற்றங்களை மூன்றாக வகுத்தனர்: 'முடா' என்பது விரயம், 'முரா' என்பது ஏற்றத்தாழ்வு, 'முரி' என்பது ஆள்மீதோ பொறிமீதோ அளவிறந்த சுமை ஏற்றல். முதலாவதை நீக்குவதற்காக மூன்றாவதை ஏற்றுக்கொள்பவர் விரயநீக்கம் செய்பவரல்லர். ஒரு குற்றத்தை இன்னொரு குற்றமாக மாற்றுபவரே. தன் வேலை போய்விடும் என அஞ்சும் தொழிலாளி கயிற்றை இழுத்துப் பழுதைக் காட்டான். அச்சம் உள்ள ஆலையில் பிழை ஒளிந்துகொள்ளும். பிழை ஒளியுமிடத்தில் இம்முறை செயலற்றுவிடும்.

இரண்டாவது தடை, இருப்பில்லாத ஆலை இடர் வரும்போது வீழ்ந்துவிடும் என்பது. 1997ஆம் ஆண்டு பெப்ரவரி 1ஆந் திகதி, யப்பானின் கரியா நகரில் ஐசின் சேய்க்கி ஆலை ஒன்று தீப்பற்றியது. ரொயோட்டா வாகனங்களின் பிரேக்குக்கு இன்றியமையாத ஒரு சிறு வால்வு ஏறக்குறைய முழுவதும் அங்கேயே செய்யப்பட்டது. சில நாட்களுள் யப்பானிலிருந்த ரொயோட்டா ஆலைகள் அனேகமாக எல்லாம் நின்றன. ஆயின், தையற்பொறி செய்யும் நிறுவனம் உட்படப் பல கம்பனிகள் வரைபடங்களைப் பெற்று அவ்வால்வைச் செய்து கொடுத்தமையால், ஏறக்குறைய ஒரு வாரத்தில் வேலை மீண்டது. இருப்பின்மை ஆலையை வீழ்த்தியது. நெடுங்கால நட்புறவு அதனைத் தூக்கி நிறுத்தியது.

2011ஆம் ஆண்டு மார்ச் 11ஆந் திகதி நிகழ்ந்த பூகம்பமும் கடற்கோளும் வேறொரு பாடத்தைப் புகட்டின. விரைவில் மாற்றீடு செய்யமுடியாத பாகங்கள் எவை என ஆராய்ந்த ரொயோட்டா, மின்னணுச் சில்லுகளை இரண்டு முதல் ஆறு மாதத் தேவைக்குச் சேமித்து வைக்குமாறு தன் வழங்குநரைக் கேட்டது. 2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உலகெங்கும் சில்லுத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, ஏனைய பல கம்பனிகள் உடனே உற்பத்தியைக் குறைக்க, ரொயோட்டா மேலும் சில மாதங்கள் தாக்குப்பிடித்தது. அவ்வாண்டின் பிற்பகுதியிலேதான் அதுவும் குறைக்க நேர்ந்தது. இம்முறையைக் கண்ட நிறுவனமே வேண்டுமிடத்துத் தேக்கிற்று என்பது நோக்கத்தக்கது.

இலங்கைக்குரிய பாடம்

இலங்கையில் கார் செய்யும் பேராலைகள் இல்லை. ஆயினும் இம்முறை இந்நாட்டுக்குப் புதிதன்று. 2005ஆம் ஆண்டு சனவரியில் உலக ஆடை வர்த்தகத்தின் ஒதுக்கீட்டு முறை நீங்கியபோது, மாஸ், பிராண்டிக்ஸ் முதலிய ஆடை நிறுவனங்கள் போட்டியைத் தாங்கும்பொருட்டு மோட்டார் ஆலைகளின் இம்முறையைத் தழுவின. அதன் தொடக்கப்படியாகிய 'ஐந்து எஸ்' என்னும் ஒழுங்கு, கொழும்பு காசல் வீதி மகளிர் வைத்தியசாலையிற் சிறப்புற்று, நாட்டின் பல அலுவலகங்களுக்கும் பாடசாலைகளுக்கும் பரவியது. வேண்டாதன நீக்கல், வேண்டியன முறையாக அடுக்கல், துப்புரவு செய்தல், அதனை நியமமாக்கல், வழுவாது பேணல் என்பன அவ்வைந்து. ஆயின், பெயர்ப்பலகை எழுதி நிலத்திற் கோடு தீட்டுவதோடு பல இடங்களில் அம்முயற்சி நின்றுவிடுகின்றது. அடுக்கிவைத்தலின் நோக்கம் அழகன்று. இல்லாதது எது, பிசகியது எது என்பது பார்த்தவுடன் புலப்படுதலேயாகும்.

திருகோணமலைத் துறைமுகப் பகுதிக்கு இப்பாடம் தனிப்பட்ட முறையிற் பொருந்தும். இப்பகுதியிலே கோதுமை மா ஆலையும் சீமெந்து ஆலையும் கப்பலை நம்பி இயங்குகின்றன. வாகனம் திருத்துமிடங்களும், மீன்பிடிப் படகுகளின் எஞ்சின் திருத்துமிடங்களும் கடல்கடந்து வரும் உதிரிப்பாகங்களை நம்பியுள்ளன. 2020ஆம் ஆண்டு மார்ச்சில் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டு, 2025ஆம் ஆண்டிலேயே தனியார் வாகனங்களுக்கு வழி திறந்தது. அவ்வைந்தாண்டுகளிலும் பழைய வாகனங்களைப் பேணியே நாடு இயங்கிற்று. 2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டை எவரும் மறந்திலர். அவ்வாண்டு சனவரியில், சீனக்குடாவின் 99 குதங்களுள் 61ஐக் கூட்டாக மேம்படுத்துதற்கு இலங்கை, இந்திய எண்ணெய் நிறுவனங்கள் உடன்படிக்கை செய்தமை, தேக்கத்தின் தேவை இன்னும் தீரவில்லை என்பதைக் காட்டும். இத்தகைய நாட்டில், "எதனையும் சேமியாதே" என்று கூறுதல் அறிவுடைமையாகாது. வெள்ளம் வருமுன் அணைகோலவேண்டும் என்பது இங்கு முதியோர் வாக்கு மட்டுமன்று, அண்மைக்கால அனுபவமுமாகும்.

ஆகவே, இருப்பு இருவகைத்து எனக் கொள்ளல் வேண்டும். ஒன்று, நம் ஆட்சிக்கு அப்பாற்பட்ட இடருக்கு அரணாக வைப்பது. பிந்தி வரும் கப்பல், தடைப்படும் இறக்குமதி, எரிபொருள் தட்டுப்பாடு என்பவற்றுக்காக அளவறிந்து சேமிப்பது இவ்வகை. மற்றொன்று, நம் சொந்தக் குறையை மறைக்கக் குவிவது. எந்தப் பாகம் எங்கே கிடக்கிறது என்று தெரியாமையால் அதனையே மீண்டும் வாங்குதல், முதல்நாள் செய்த வேலை பழுதாகலாம் என அஞ்சி இரட்டிப்பாகச் செய்தல், கருவி தேடும் நேரத்துக்காக வேலையைப் பிந்தவைத்தல் என்பன இவ்வகை. திருத்துமிடம் ஒன்றிற் கழற்றிய எஞ்சின்கள் பல திறந்தபடி கிடப்பது வேலை மிகுதிக்கு அடையாளமன்று; ஒன்றை முடிக்குமுன் மற்றொன்றைத் தொடங்கியமைக்கே அடையாளம். முதல்வகைத் தேக்கத்தை விரயமென்று நீக்கினால் ஆலை ஒரு புயலில் வீழும். இரண்டாம் வகையை அரணென்று போற்றினால் அது நாள்தோறும் உள்ளிருந்தே அரிக்கப்படும்.

பாடியின் ஆலைகளும் ரொயோட்டாவும் கற்றுத் தந்த பாடத்தின் சாரம் இதுவே. களஞ்சியத்தின் பருமனைக் கண்டு ஓர் ஆலையை மதிப்பிடுதல் இயலாது. அங்குள்ள ஒவ்வொரு குவியலின் முன்னும் நின்று, "இது கடலின் நிச்சயமின்மைக்காக இருக்கிறதா, நம்முடைய நிச்சயமின்மைக்காக இருக்கிறதா?" என்று வினவுதல் வேண்டும். கடலின் பொருட்டாயின் காக்க. நம் பொருட்டாயின், குவியலை அகற்றுமுன் அதனை உண்டாக்கிய குறையைக் கண்டு திருத்துக. அவ்வினாவை அச்சமின்றி எழுப்பவும் விடை காணவும் பொறியின் முன் நிற்பவருக்கு உரிமை அளிக்கும் தொழிலகமே இம்முறையை உண்மையாகக் கற்றதாகும்.